சல்லடைக் கண்ணும் சதுப்புக் காடும்

1

மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்பது தமிழ் எழுத்தில் கேள்வி கேட்கப்படாமல் புழங்கிவரும் நம்பிக்கைகளுள் ஒன்று. வட்டார இலக்கியம் பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதைக் கேட்கலாம்: மண்ணின் நினைவு, மண்ணின் குரல், மண்வாசனை. கரிசல் காட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிற எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் மவுசு. மண்ணின் கறுப்பே ஏதோ ஆதிகாலத்துப் பதிவு என்பது போலப் பேசிவிடுகிறோம்.

இந்த நம்பிக்கையை ஓர் அறிவியல் துறையோடு மோதவிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. நிலக்கரிக்குள் புதைந்துள்ள ஸ்போர்களையும் மகரந்தத் துகள்களையும் எண்ணி, அந்தக் கரி உருவான காலத்தில் அங்கே நின்ற சதுப்புக் காடு எப்படிப்பட்டது என்று சொல்லும் துறை அது. பேலினாலஜி என்பது பெயர். தமிழில் மகரந்தத்தூளியல் என்கிறார்கள். தாவரவியல்காரர்களும் சுரங்கப் பொறியாளர்களும் பார்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஓர் இடத்தின் கடந்த காலத்தை எதை வைத்துச் சொல்கிறோம், சாட்சி சொல்ல யார் மிஞ்சுகிறார்கள், மிஞ்சாதவர்களை என்ன செய்கிறோம் ஆகிய கேள்விகளை, இலக்கியக்காரர்களாகிய நம்மைவிடக் கறாராக இத்துறை தன்னைத்தானே கேட்டுவந்திருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த அர்த்தத்தில் கரிசல் மண்ணுக்கு ஞாபகம் கிடையாது. மகரந்தம் அழியாமல் கிடக்க வேண்டுமானால் காற்றுப் படக்கூடாது. தண்ணீருக்குள் முழுகிக் கிடக்க வேண்டும். சேற்றில் அமிலத்தன்மை இருந்தால் இன்னும் நல்லது. கரிசல் எல்லா வகையிலும் இதற்கு எதிர். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் காற்றை உள்ளே விடும். மழையில் ஊறி மூடிக்கொள்ளும். சுண்ணாம்புத் தன்மை வேறு. இப்படி நனைவதும் காய்வதுமாக இருக்கிற மண்ணில் மகரந்தம் சிதைந்துபோகும். வருஷத்தில் பாதிநாள் வறண்டு கிடக்கும் கண்மாய் வண்டலுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஞாபகம் மண்ணின் பொதுக்குணம் அல்ல. குறிப்பிட்ட நிலைமைகளில் மட்டும் உண்டாகிற ஒரு விளைவு. சதுப்பு அப்படிப்பட்ட நிலைமை. தேங்கிய நீரில் விழுந்த மரமும் இலையும் முழுக்க மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து பீட் ஆகிறது. அதன்மேல் மணலும் களியும் ஏறி அமுக்க, காலப்போக்கில் பீட் பழுப்பு நிலக்கரியாகிறது. மேலும் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தால் கருநிலக்கரியாகிறது.

2

பெரணி, பாசி போன்ற பூக்காத தாவரங்கள் ஸ்போர் உதிர்க்கின்றன. பூக்கும் தாவரங்களும் ஊசியிலை மரங்களும் மகரந்தம் உதிர்க்கின்றன. இரண்டுமே தூசு. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். இந்தத் தூசின் வெளித்தோல் ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. உயிர்கள் உண்டாக்குகிற பொருள்களிலேயே மிகப் பிடிவாதமானவற்றுள் இது ஒன்று. கட்டை உருத்தெரியாமல் போகும், இலை கூழாகும், பூ ஒரே நாளில் வாடும். அந்தப் பூவின் தூசு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் தன் உருவத்தோடு கிடக்கும்.

அதைக் கரியிலிருந்து பிரித்தெடுக்கும் முறையும் இந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் நடக்கிறது. கரியை நொறுக்கி நைட்ரிக் அமிலத்திலும் பொட்டாசியம் குளோரேட்டிலும் ஊறவைக்கிறார்கள். பிறகு காரத்தில் கழுவும்போது மக்கிய பகுதி கரைந்து வெளியேறுகிறது. மணல் கலந்திருந்தால், கண்ணாடியையே தின்றுவிடும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் போட்டு அதையும் கரைக்கிறார்கள். மிஞ்சியதைச் சல்லடையில் வடித்து, கிளிசரின் ஜெல்லியில் கலந்து கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். ஒரு மாதிரிக்கு இருநூறு, முந்நூறு துகள் என்பது வழக்கமான கணக்கு. வடிவம், துளைகளின் எண்ணிக்கை, மேற்பரப்பின் முள், வலை, வரி இவற்றை வைத்து இன்ன வகை என்று தீர்மானிக்கிறார்கள். பெரணி ஸ்போரில் ஒற்றைக்கோட்டுத் தழும்போ மூன்று கிளைத் தழும்போ இருக்கும்; ஊசியிலை மரங்கள் பலவற்றின் மகரந்தத்தில் இரண்டு காற்றுப்பைகள் ஒட்டியிருக்கும்.

தமிழ் படித்தவர்களுக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் பூவும் கருப்பொருள் என்று வைத்தது நம் இலக்கணம். முதற்பொருள் இன்னதென்று தெரிந்தால் அதற்குரிய மரம் இன்னதென்று சொல்லிவிடலாம். மகரந்தத்தூளியல் எதிர்த்திசையில் நடக்கிறது. கருப்பொருளின் தூசு மட்டும் கையில் இருக்கிறது. நிலமும் பொழுதும் தொலைந்துபோய்விட்டன. நீர் தேங்கிய நிலமா, கடலோரமா, மழை எவ்வளவு, எந்த யுகம் என்பதையெல்லாம் அந்தத் தூசிலிருந்து ஊகித்தாக வேண்டும்.

பெயர்களில் ஒரு வேடிக்கையும் உண்டு. தனித்தனியாகக் கிடைத்த துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்ததால், கார்பானிஃபெரஸ் யுகத்தின் ஒரே வகை மரத்துக்குத் தண்டில் லெப்பிடோடென்ட்ரான், வேரில் ஸ்டிக்மேரியா, ஸ்போரில் லைக்கோஸ்போரா என்று பெயர்கள் சேர்ந்துவிட்டன. மூன்றும் ஒன்றின் உறுப்புகள்தாம் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் பெயர்களை மாற்றவில்லை. கையில் இருப்பது ஸ்போர் மட்டும் என்றால், முழுமரத்தின் பெயரைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்பது இத்துறையின் ஒழுக்கம்.

3

எந்த அறிவும் யாருடைய தேவைக்காகத் தோன்றியது என்று கேட்பது நம் வழக்கம். கரிக்குள் ஸ்போர் இருப்பது 1833ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஹென்றி விதம் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது வெறும் ஆச்சரியமாகத்தான் கிடந்தது. 1930களில் வடஇங்கிலாந்துச் சுரங்கங்களில் ரெய்ஸ்ட்ரிக் போன்றவர்கள் அதை எண்ணத் தொடங்கியதற்குக் காரணம் சுரங்க முதலாளியின் நடைமுறைச் சிக்கல். பூமி பிளந்து நழுவிய இடத்தில் கரியடுக்கு அறுந்துவிடும். அந்தப் பக்கம் தெரிவது அதே அடுக்கின் தொடர்ச்சியா, வேறு அடுக்கா? ஒவ்வோர் அடுக்கிலும் ஸ்போர்களின் விகிதம் வேறாக இருக்கும் என்பதால், அது அடுக்கின் கைரேகையாகப் பயன்பட்டது. காட்டைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

நம் நாட்டுக் கதையும் அதே பாதைதான். ராணிகஞ்சில் கரி வெட்டியது 1774இல் தொடங்கியது. 1851இல் தாமஸ் ஓல்ட்ஹாமின் தலைமையில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை உருவானபோது கரி தேடுவதுதான் தலையாய வேலை. அந்த ஆய்வுகளினூடே 1870களில் 'கோண்ட்வானா' என்ற பெயர் பிறந்தது. கோண்டு மக்களின் நாடு என்று பொருள். தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒன்றாய்க் கிடந்த கண்டத்துக்கே இன்று அதுதான் பெயர். ஒரு பழங்குடியின் பெயர் உலகப் புவியியலில் நிரந்தரமாக ஏறிவிட்டது. மத்திய இந்தியாவில் அதே குடிகள் சுரங்கங்களுக்காகத் தங்கள் காட்டை இழந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊருக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் கரி கிடையாது. ஆனால் 1979இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு ஒடிசாவின் தால்சர் கரி பாராதீப் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்தது. தென்மாவட்டத்து மின்கம்பிகளில் அதன் பங்கும் கலந்தது. ராஜபாளையத்து நூற்பாலைகளில் கதிர் சுற்றியதற்குப் பின்னால், 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குளிர்நாட்டுச் சதுப்புக்காடும் இருக்கிறது. குளோசாப்டெரிஸ் என்ற அகல இலை மரங்கள் அதில் மிகுதி. அவற்றின் மகரந்தம் என்று கருதப்படுவது, வரிவரியான உடலும் இரண்டு காற்றுப்பைகளும் கொண்ட துகள். இந்தியப் பெர்மியன் காலக் கரித்தகடுகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்.

கைரேகையாக இருந்த ஸ்போர் காட்டின் வரலாறாக மாறியதில் ஒரு முக்கியமான படி ஏ. எச். வி. ஸ்மித் 1962இல் வெளியிட்ட ஆய்வு. யார்க்ஷயர் கரியடுக்குகளை அவர் அடியிலிருந்து மேல்வரை மெல்லிய துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் ஸ்போரை எண்ணினார். பல அடுக்குகளில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. அடியில் லைக்கோஸ்போரா மிகுதி: முப்பது மீட்டருக்கும் மேல் வளர்ந்த லைக்கோப்சிட் மரங்கள் வெள்ளத்தில் நின்ற காலம். அதன்மேல் பலவகையும் கலந்த இடைக்கட்டம். அதற்கும் மேலே டென்சோஸ்போர் என்ற தடித்த விளிம்புள்ள ஸ்போர்கள்: பீட் தானே மேடாக உயர்ந்து, ஆற்றுவெள்ளம் எட்டாமல் மழைநீரை மட்டும் நம்பி நின்ற, சத்துக் குறைந்த நிலம், அங்கே குட்டையான தாவரங்கள். திடீரென வெள்ளம் புகுந்து எல்லாவற்றையும் கலைத்த கட்டம் ஒன்றையும் அவர் அடையாளம் கண்டார். போர்னியோவின் சரவாக் பகுதியில் இன்றுமுள்ள மேடிட்ட பீட் சதுப்புகளிலும் ஓரத்தில் உயர்ந்த காடு, நடுவே போகப்போகக் குறுகிய மரம் என்று வளையம் வளையமாக இருப்பதைக் கண்ட பிறகு, இந்த வாசிப்புக்கு வலு கூடியது. ஒரு மீட்டர் கரித்துண்டில் ஒரு சதுப்பு பிறந்து, வளர்ந்து, முழுகிய கதை நேர்க்கோட்டில் கிடக்கிறது.

4

தமிழ்நாட்டில் இந்த வாசிப்புக்கு உரிய இடம் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் துளையிட்டபோது கறுப்பாக ஒரு பொருள் வந்தது என்பது எல்லோரும் அறிந்த கதை. 1956 நவம்பரில் நிறுவனம் உருவாகி, 1957 மே மாதம் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்து, 1961 ஆகஸ்டில் கரி வெளியே தெரிந்தது. சில இடங்களில் கரியடுக்கின் கனம் 20 மீட்டரையும் தாண்டும். அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். சதுப்பு இன்னும் தன் தண்ணீரை முழுதாக விட்டுவிடவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

1960களிலேயே நெய்வேலிக் கரியின் ஸ்போர், மகரந்தப் பட்டியல்கள் வெளிவரத் தொடங்கிவிட்டன. லக்னோவில் 1946இல் பீர்பால் சாஹ்னி தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும், சி. ஜி. கே. ராமானுஜம் போன்றவர்களும் இதில் உழைத்தார்கள். பெரணி ஸ்போர்கள், பனைக் குடும்பத்து மகரந்தங்கள், வெப்பமண்டல மழைக்காட்டு மரங்களின் மகரந்தங்கள் என்று தகடு நிறைகிறது. நெய்வேலிக் கரி அடங்கியுள்ள அதே கடலூர் மணற்கல் தொகுதியைச் சேர்ந்தவைதாம் திருவக்கரையின் கல்மரங்கள். அந்தத் தொகுதியின் கல்லான கட்டைகளில் புன்னையின் உறவுமரங்களும் டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களும் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. இன்று இவற்றின் உறவுகளைத் தேடிப் போனால் கடலூர்ச் செம்மண்ணில் கிடைக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளுக்குத்தான் போக வேண்டும்.

மழை எவ்வளவு பெய்தது என்பதற்கு வலுவான சாட்சி சொன்னவை மரங்கள்கூட இல்லை. இலைமேல் ஒட்டி வாழும் பூஞ்சைகள். குடைபோலத் தட்டையான இவற்றின் காய்ப்புறுப்புகள் நெய்வேலிக் கரியில் கிடைக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி இலை ஈரமாகவே இருக்கும் காடுகளில்தான் இவை செழிக்கும். ஒரு பெருங்காட்டின் தட்பவெப்பத்தை அதன் ஒட்டுண்ணி வந்து சொல்லியிருக்கிறது.

வயதைப் பற்றிய தகராறும் உண்டு. நெய்வேலிக் கரி மயோசீன் காலத்தது, அதாவது இரண்டு கோடி ஆண்டை ஒட்டியது என்று ஒரு சாரார். இல்லை, இயோசீன், அதற்கும் இரட்டிப்பு வயது என்று மற்றொரு சாரார். இரு தரப்பும் காட்டும் சான்றுகளுள் இந்த மகரந்தப் பட்டியலும் ஒன்று. இதைத் துறையின் பலவீனமாக நான் பார்க்கவில்லை. ஒரே பிரதி, ஒரே எழுத்து, இரண்டு வாசிப்பு. தீர்ப்பு அடுத்த துளைமாதிரிக்குக் காத்திருக்கிறது.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்தத்தூளியல் ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய சென்னைக்காரர் கணபதி தணிகைமோனி. இன்றைய தாவரங்களின் மகரந்தம் தெரியாமல் பழைய மகரந்தத்தைப் படிக்க முடியாது என்பதால் ஒப்பீட்டுக்கான அடிப்படையை உருவாக்குவதில் வாழ்நாளைச் செலவிட்டவர். 1986 செப்டம்பர் 5இல் கராச்சி விமானக் கடத்தலில், 48 வயதில் கொல்லப்பட்டார். இந்தியாவின் டெர்ஷியரி கால மகரந்தங்களை ஆப்பிரிக்காவின் மகரந்தங்களோடு ஒப்பிட்டு 1984இல் வந்த நூலின் ஆசிரியர்களுள் அவரும் ஒருவர். அந்த ஒப்பீட்டுக்கு ஓர் உதாரணம் டெனோலோஃபான் மரம். அதன் மகரந்தம் இந்தியாவின் டெர்ஷியரி படிவுகளில் கிடைக்கிறது. மரம் இன்று எந்த இந்தியக் காட்டிலும் இல்லை. ஓர் இனம் ஆப்பிரிக்காவில், இன்னொன்று மலேயாத் தீவுகளின் பக்கம்; நடுவே நாம், தூசு மட்டும் மிஞ்சிய இடமாக.

'இந்த மண்ணின் பூர்வீக மரம்' என்று எதையாவது சுட்டிக்காட்டி அரசியல் செய்ய நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எந்த மட்டத்தில் தோண்டினாலும் வந்ததும் போனதும் கலந்துதான் கிடைக்கிறது. தூய்மையான அடிமட்டம் என்று ஒன்று தட்டுப்படுவதில்லை.

5

இதுவரை சொன்னதெல்லாம் மிஞ்சியவற்றின் பேச்சு. இனி மிஞ்சாதவை.

தகட்டில் நூற்றுக்கு எழுபது லைக்கோஸ்போரா என்றால், காட்டில் நூற்றுக்கு எழுபது லைக்கோப்சிட் மரங்கள் நின்றன என்று அர்த்தமா? இல்லை. அந்த மரங்கள் ஸ்போரை வாரி இறைத்தவை. மரப்பெரணிகளும் அப்படியே. அதே சதுப்பில் மெடுல்லோசா என்று ஒரு விதைத்தாவரம் இருந்தது. அதன் மகரந்தம் எண்ணிக்கையில் குறைவு, உருவத்தில் பெரிது. பல, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டும். நுண்துகளைப் பிரிக்க வடிக்கும்போது இவை சல்லடையின் மேலேயே தங்கி, கசடோடு சேர்ந்து வெளியே போய்விடும். பிறகு தகட்டைப் பார்த்து, மெடுல்லோசா இங்கே அபூர்வம் என்று எழுதிவிடலாம். அபூர்வமாக்கியது சல்லடைக் கண்.

இது ஊகமாகச் சொல்வதல்ல. சில கரியடுக்குகளில் பீட் கரியாகும் முன்பே சுண்ணாம்பு ஏறிக் கல்லுருண்டையாகிவிட்டிருக்கும். அதை அறுத்தால் வேரும் தண்டும் இலையும் செல் செல்லாகத் தெரியும். இல்லினாயில் டாம் பிலிப்ஸும் ரசல் பெப்பர்ஸும் கல்லுருண்டைகளில் தாவரங்களின் உண்மையான பரப்பளவை அளந்து, அதே அடுக்கின் ஸ்போர்க் கணக்கோடு பொருத்திப் பார்த்தார்கள். எது தன்னை ஊதிக் காட்டுகிறது, எது ஒடுங்கிப்போகிறது என்பது தெரிந்தது. அதற்குத் தக்கபடி ஸ்போர்க் கணக்கைத் திருத்தி வாசிக்க வேண்டும் என்ற பாடமும் கிடைத்தது.

பூக்கும் தாவரங்களிலும் இதே கதைதான். இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பமான லாரேசியே மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் எங்கும் உண்டு. ஆனால் அதன் மகரந்தத் தோல் மிக மெல்லியது. படிவிலும் நிற்காது, ஆய்வுக்கூட அமிலத்திலும் நிற்காது. அடுத்தது அத்தி, ஆல், அரசு. இவற்றின் பூ காய்க்குள்ளேயே மறைந்திருக்கிறது. மகரந்தத்தைச் சுமப்பது குட்டிக் குளவி. வெளிக்காற்றுக்கு ஏறத்தாழ ஒன்றும் வருவதில்லை. அத்தி பூத்தாற்போல என்று நம் ஜனங்கள் சொல்லிவைத்தது தாவரவியல்படியும் சரி. ஸ்ரீவில்லிபுத்தூர் மூலவர் வடபத்ரசாயி, ஆலிலையில் துயில்பவர். அந்த ஆல் நாளைக்கு ஏதாவது ஒரு படிவில் தன்னைப் பதிய வேண்டுமென்றால் மகரந்தத்தை நம்பி இருக்க முடியாது.

செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குள் குளத்துப்புழைப் பக்கம் போனால் மிரிஸ்டிகா சதுப்புகள் இருக்கின்றன. ஜாதிக்காய்க் குடும்பத்து மரங்கள் சேற்றிலிருந்து முழங்கால்போல வேரை மடக்கி மேலே நீட்டி மூச்சுவிடும் காடு. 1960இல் கிருஷ்ணமூர்த்தி இவற்றைப் பற்றி எழுதியபோதே பெரும்பகுதி நெல்வயலாகிவிட்டிருந்தது. பழங்காலச் சதுப்பைப் படிக்கிறவனுக்கு உயிருள்ள ஒப்புமை வேண்டும். எந்த மரம் எவ்வளவு மகரந்தம் உதிர்க்கிறது, அதில் எவ்வளவு அடியிலுள்ள சேற்றுக்கு வந்து சேர்கிறது என்பதை உயிருள்ள காட்டில்தான் அளக்க முடியும். எஞ்சியுள்ள சதுப்பை அழிப்பவர்கள் பழைய கரியைப் படிக்கும் அகராதியையும் சேர்த்தே கிழிக்கிறார்கள்.

சதவீதம் இன்னொரு பொறி. மொத்தம் நூறு என்று வைத்துவிட்டால், ஒன்று கூடும்போது மற்றவை குறைந்தே ஆக வேண்டும். பெரணி பெருகினால் போதும். பனை ஒரு மரம்கூடக் குறையாமலிருந்தும் அதன் சதவீதம் இறங்கிவிடும். தேர்தல் கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியக் கஷ்டமில்லை. இதற்கு ஒரு மாற்று உண்டு. அந்த இடத்துக்குச் சம்பந்தமில்லாத லைக்கோபோடியம் ஸ்போரை, இத்தனை ஆயிரம் என்று எண்ணிக்கை தெரிந்த மாத்திரையாக, அளந்தெடுத்த மாதிரியோடு முதலிலேயே கலந்துவிடுகிறார்கள். கடைசியில் தகட்டில் அது எத்தனை வருகிறது என்று பார்த்தால், மற்றவற்றின் உண்மையான அளவைக் கணக்கிடலாம். 1971இல் ஸ்டாக்மார் பரவலாக்கிய முறை இது. தன் கருவி எவ்வளவை இழக்கிறது என்பதை அளப்பதற்கே ஓர் ஏற்பாட்டை உள்ளே வைத்துக்கொள்கிற துறைகள் அதிகம் இல்லை.

தகட்டில் இருப்பதாலேயே ஒன்று அந்தக் காலத்தது ஆகிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1940களில், இன்று பாகிஸ்தானிலுள்ள உப்பு மலைத்தொடரின் உப்புப் படிவை சாஹ்னி கரைத்துப் பார்த்தார். மரத்துணுக்கும் பூச்சித்துணுக்கும் கிடைத்தன. ஆகவே அது இயோசீன் காலத்தது என்று வாதாடினார். அது கேம்பிரியன் காலத்தையோ அதற்கும் முந்தைய காலத்தையோ சேர்ந்தது என்ற எதிர்த்தரப்புதான் பிற்பாடு நிலைத்தது. நுண்துகள் விரிசல் வழியாகப் புகும், நீரோடு ஊறி வரும், பழைய பாறையிலிருந்து அரித்துப் புதிய படிவில் விழும். சாட்சி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் சாட்சியத்தை ஏற்க முடியாது.

6

பஞ்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு வாசக நண்பரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "கரிக்குள்ள போயி பூந்தூசியத் தேடுறாக, சரி. அதனால நமக்கு என்ன தம்பி?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "மில்லு மஸ்டர்ல பேரு ஏறாத ஆளும் எங்க கூட நூத்துச்சு. கணக்குல நூலு மட்டுந்தான் இருக்கும்."

அவர் சொன்னதிலிருந்து நெய்வேலிக்குத் திரும்ப வழி இருக்கிறது. சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது யார் எண்ணப்பட்டார்கள்? 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்தின்மேல் உரிமையும் பாத்தியதையும் உள்ளவரையே பார்த்தது. பட்டா வைத்திருந்தவர் கணக்கில் வந்தார். அந்த நிலத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைத்த, பட்டா இல்லாத கூலிக் குடும்பம் சல்லடையின் மேலே தங்கிவிட்டது. அவர்கள் குறைவாக இருந்ததால் விடுபடவில்லை. கண்ணின் அளவு அப்படி வைக்கப்பட்டிருந்தது. நிலமற்றவர்களில் தலித்துகள் எவ்வளவு பேர் என்பது தெரிந்தவர்களுக்கு, அந்தச் சல்லடையைப் பின்னியது வெறும் சட்டம் மட்டுமல்ல என்பதும் தெரியும். 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலிகளையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதற்குள் நெய்வேலியில் அரை நூற்றாண்டுக்கு மேல் தோண்டியாகிவிட்டது.

2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட வளையமாதேவியில் கதிர்விட்ட நெல்வயலுக்குள் எந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். ஆவணத்தில் அது சுரங்க நிலம். கண்ணெதிரே அது வயல். அதே ஆண்டு ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி என்னும் மூன்று பகுதிகள் எதிர்ப்புக்குப் பிறகு நிலக்கரி ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. எண்ணப்படாதவர்கள் தங்களை எண்ணவைத்தார்கள் என்று அதைச் சொல்லலாம்.

ஒப்புமையை அளவுக்கு மேல் நீட்டக் கூடாது. மெடுல்லோசா கோரிக்கை வைக்காது, மனிதர் வைப்பார். சல்லடை ஆய்வாளரின் வசதிக்கு வந்தது; பட்டா அதிகாரத்தின் வசதிக்கு வந்தது. ஆனால் வாசிப்பு முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மகரந்தத்தூளியலாளர் தகட்டில் இல்லாததை 'இல்லை' என்று எழுதுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கிறார். அது மிகக் குறைவாக உதிர்த்ததா? உதிர்த்தும் அழிந்ததா? அழியாமல் இருந்தும் என் முறையில் நழுவியதா? நம் கோயில் கல்வெட்டுகளையும் ஜமீன் கணக்குகளையும் இலக்கியத் தொகை நூல்களையும் வைத்து வட்டார வரலாறு எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் கேட்கிறோமா? தானம் கொடுத்தவன் பெயர் கல்லில் ஏறியது. அந்த நிலத்தை உழுதவன் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை. உழுதவன் அத்தியைப் போல, உள்ளேயே பூத்தவன். அதை வைத்துக்கொண்டு 'இந்த ஊரின் மரபு' என்று நாம் எழுதுவது, எழுபது சதவீத லைக்கோஸ்போராவைக் காடு என்று எழுதுவதற்குச் சமம்.

கரி எரிந்தால் மின்சாரமும் சாம்பலும் கிடைக்கும். அதோடு எரிவது, ஒரே ஒருமுறை எழுதப்பட்ட பிரதி. நெய்வேலியில் வெட்டுமுகம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நேற்றுத் தெரிந்த அடுக்கு இன்று உலையில். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வெட்டுமுகம் நகரும் ஒவ்வொரு கட்டத்திலும் அடியிலிருந்து மேல்வரை முழுத் துளைமாதிரி எடுத்துப் பொதுச் சேமிப்பில் வைக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர் எவரும் கேட்டுப் படிக்கும்படி அது இருக்க வேண்டும். இன்னொன்று நம் வேலை. அந்த நிலத்தில் பட்டா இல்லாமல் வாழ்ந்து வெளியேறியவர்களின் ஊர்ப்பெயர், வயற்பெயர், மரப்பெயர் எல்லாவற்றையும் அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதிவைப்பது. முதலாவதற்கு அமிலமும் நுண்ணோக்கியும் வேண்டும். இரண்டாவதற்குக் கேட்கப் பொறுமையுள்ள ஆட்கள் போதும். அவர்களுக்கு ஸ்போரோபொலெனின் தோல் கிடையாது என்பதால், இந்தத் தலைமுறைக்குள் செய்தாக வேண்டும்.